கடைசி நான்கு வாரம்: ஃபேன்டஸி பேஸ்போல் லீக்கில் முதன்முறையாகப் பிளேஓஃப் துரத்துகிறவர்களுக்கு

அமெரிக்க பேஸ்போல் ஆட்டக்காரர்களை எங்களுக்குள் பிரித்தெடுத்து, அவர்கள் அங்கே ஆடுவதை இங்கே கணக்கில் ஏற்றிப் போட்டி போடும் ஃபேன்டஸி லீக் எங்களுடையது; பருவக் கடைசியில் முதல் ஆறு இடத்தவர்கள் மட்டும் மோதுவது பிளேஓஃப். ஆகஸ்ட் பிறந்ததும் எங்கள் வட்ஸ்அப் குழுவின் குரல் மாறிவிடும். மார்ச் மாதத்தில் பத்துப் பேரும் மேதைகள், ஜூனில் பாதிப் பேரைக் காணக் கிடைக்காது, ஆகஸ்டில் யாராவது ஒருவன் புள்ளிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, "மச்சான், நான் இன்னும் உள்ளே வர வழி இருக்கிறதா?" என்று கேட்பான். வழி இருக்கிறதா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது, இருந்தால் எதை எந்த ஒழுங்கில் செய்வது என்று இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கை மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் ஒன்றாகப் படித்தவர்கள். இருவர் இப்போது கொழும்பில், ஒருவன் கட்டாரில். அவன்தான் கூட வேலை செய்கிறவர்களிடம் இந்த ஆட்டத்தைப் பழகி எங்கள் தலையிலும் கட்டினான். எங்களில் யாரும் பேஸ்போல் மட்டையைக் கையால் தொட்டதில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பருவத்தின் கடைசி நான்கு வாரங்களில் இது பந்தாட்டமாக இருப்பதில்லை, செக்ரோல் என்கிற தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவேடு எழுதும் வேலையாகிவிடுகிறது. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்ன பார்ப்பார்? யாருக்குப் பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர், எத்தனை கிலோ, நாளைக்கு எந்த மலை. அந்தக் கண் உள்ளவன் ஆறாம் இடத்துக்குள் வந்துவிடுகிறான். ஆட்டக்காரர்களின் பிறந்த ஊர் வரை தெரிந்தவன் எட்டாம் இடத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆட்டம், அவசரத்துக்கு

சித்திரைப் புத்தாண்டுக்கு மைதானத்தில் எல்லே ஆடியவர்களுக்குப் பேஸ்போலை விளங்கப்படுத்துவது பத்து நிமிட வேலை. மூங்கில் தடிக்குப் பதில் மர மட்டை, நின்று நின்று ஓடும் இடங்களுக்குப் பதில் தளங்கள். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 30 அணிகள். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டம். அந்த 30 அணிகளின் ஆட்டக்காரர்களை நாங்கள் பத்துப் பேரும் ஆளாளுக்குப் பிரித்து எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் அங்கே அடிப்பதும் எறிவதும் இங்கே நம் கணக்கில் ஏறும்.

1980இல் நியூயோர்க்கில் டேனியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய முறையில் பிளேஓஃப் கிடையாது. பருவம் முழுவதையும் கூட்டித்தான் பார்த்தார்கள். நாங்கள் ஆடுவது வாரத்துக்கு ஒரு எதிரி. பத்துப் பிரிவுகள். துடுப்பாட்டத்தில் ஓட்டம், ஹோம் ரன் (நம் சிக்ஸரைப் போல எல்லைக்கு வெளியே அடிப்பது), அடித்துச் சேர்த்த ஓட்டம், தளத் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது), சராசரி. பந்துவீச்சில் வெற்றி, சேவ் (முன்னால் நிற்கும் ஆட்டத்தைக் கடைசி, அதாவது ஒன்பதாவது, இன்னிங்ஸில் எறிந்து காத்து முடிப்பது), ஸ்ட்ரைக் அவுட் (அடிக்கவிடாமலே ஆளை ஆட்டமிழக்கச் செய்வது), பின் ஈ.ஆர்.ஏ. என்கிற ஒன்பது இன்னிங்ஸ் கணக்கிலான ஓட்டச் சராசரி, விப் என்கிற இன்னிங்ஸுக்கு எத்தனை பேரைத் தளம் ஏறவிட்டார் என்ற கணக்கு. ஒவ்வொரு பிரிவிலும் யார் மேலே என்று பார்த்து (ஈ.ஆர்.ஏ.யிலும் விப்பிலும் மட்டும் குறைவாக உள்ளவரே மேலே) 6-4, 7-3 என்று வாரம் முடியும்.

கிரிக்கெட் கண்ணோடு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. இங்கே 50 என்ற சராசரி இல்லை. பத்து முறை அடிக்க வந்து மூன்று முறை வெற்றிகரமாக அடித்தால், அதாவது .300 என்றால், அவர் பெரிய ஆள். மற்றது, பிட்சரின், அதாவது பந்து எறிபவரின், பெயருக்கு எதிரே இன்னிங்ஸ் 5.1 என்று இருந்தால் நம் ஓவர்க் கணக்கைப் போலவே அது தசமம் அல்ல. ஓவரில் ஆறு பந்து. இங்கே இன்னிங்ஸில் மூன்று ஆட்டமிழப்பு. ஆகவே 5.1 என்பது ஐந்தே மூன்றில் ஒன்று. கல்குலேட்டரில் 5.1 என்று அப்படியே அழுத்தினால் கடைசி நாளில் கணக்குப் பிசகும்.

விதிப் பக்கத்தை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்

யாரும் படிப்பதில்லை. எங்கள் குழுவில் நான்காம் ஆண்டிலும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எந்த வாரத்தில் முடிகிறது என்பதே முதற் கேள்வி. எங்களுக்கு 22 வாரம் வழக்கமான பருவம், அதன் பின் ஆறு பேர், மூன்று வாரம். முதலிரண்டு இடத்தவர்களுக்கு முதல் வாரம் ஓய்வு. உங்கள் லீக்கில் நான்கு பேர் மட்டும் என்றால் கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் ஒரு படி கடுமையாகும்.

அடுத்தது, சமன் ஆனால் யார் மேலே என்ற விதி. நேருக்கு நேர் ஆடியதைப் பார்ப்பார்களா, மொத்த வெற்றியைப் பார்ப்பார்களா? ஓட்டானி போன்ற இருவேலை ஆட்டக்காரரை உங்கள் லீக் எப்படி எண்ணுகிறது என்பதையும் கையோடு பாருங்கள். 2024இல் 54 ஹோம் ரன்னும் 59 தளத் திருட்டும் செய்த மனிதர் அவர்; பந்தும் வீசுவார். சில லீக்குகளில் அவர் இரண்டு ஆளாகப் பிரிந்து இரண்டு பேரிடம் இருப்பார், சிலவற்றில் ஒரே ஆள்.

குறைந்தபட்ச இன்னிங்ஸ் விதியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இத்தனை இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈ.ஆர்.ஏ.யும் விப்பும் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது. இதை மலையகத்தில் யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுதும் மலையில் நின்றாலும் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான்.

ஆட்களை எடுக்கும் முறை கடைசி. சில லீக்குகளில் பருவத் தொடக்கத்திலேயே ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள். அதைக் கொண்டு ஏலச்சீட்டுப் போல மறைவாக விலை கேட்டுத்தான் புது ஆளை எடுக்க வேண்டும். தீபாவளி அட்வான்ஸை வாங்கிய வாரமே முடிப்பவர்களும் உண்டு, தை வரை இழுப்பவர்களும் உண்டு. ஓகஸ்ட் நடுவில் கையில் மிச்சம் வைத்திருப்பவன் சொன்னதுதான் விலை. ஆனால் பருவம் முடிந்த பிறகு அந்தத் தொகைக்கு ஒரு டொபியும் வாங்க முடியாது. கடைசி வாரங்களில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இடைவெளியை அளப்பது

பட்டியலைப் பார்த்து "ஆறு வெற்றி பின்னால் நிற்கிறேன்" என்று மட்டும் சொல்வது அரைக் கணக்கு. தோல்வியையும் சேர்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். 19 வாரம் முடிந்துவிட்டது. வாரத்துக்குப் பத்துப் பிரிவு, ஆக 190 முடிவுகள். ஆறாம் இடத்தவர் 92 வெற்றி, 88 தோல்வி, 10 சமன். நீங்கள் 86 வெற்றி, 93 தோல்வி, 11 சமன். வெற்றியில் வித்தியாசம் 6, தோல்வியில் 5. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஐந்தரை. அதுதான் உண்மையான இடைவெளி.

மூன்று வாரம் மிச்சம். அவர் வாரம்தோறும் 5-5 என்று நின்றால், நீங்கள் வாரத்துக்கு 7-3 எடுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு, மூன்று வாரத்தில் ஆறு, அரை மிச்சத்தோடு உள்ளே. கடினம்தான், ஆனால் நடக்காத காரியம் அல்ல. இனி அட்டவணையைத் திறந்து, அந்த மூன்று வாரத்தில் அவரோடு நீங்கள் நேரடியாக மோதுகிறீர்களா என்று பாருங்கள். மோதினால் அந்த ஒரு வாரத்து 7-3 இடைவெளியில் நான்கைத் தின்றுவிடும். நேரடி வாரம் எது என்று கண்டுபிடித்து, உங்கள் பலத்தை அந்த வாரத்துக்குச் சேர்த்து வைப்பதுதான் இந்தப் பந்தயத்தின் பாதி. அவருடைய மற்ற இரண்டு எதிரிகள் யார் என்றும் பார்த்துவிட்டு, அந்த நண்பர்களிடம் அணியை மறக்காமல் ஒழுங்காக வைக்கச் சொல்லுங்கள். அது சதி ஆகாது, ஞாபகமூட்டல்.

மூன்று வாரத்தில் பன்னிரண்டு பின்னால் என்றால்? அடுத்த ஆண்டு பார்க்கலாம். ஆனால் அணியைக் கைவிட வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கடிகாரம்

எங்கள் குழுவில் ஆட்கள் தோற்றது திறமைக் குறைவால் அல்ல, நேரத்தால். ஆட்டம் நடக்கும் மாதங்கள் முழுவதும் நியூயோர்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியால இடைவெளி. அங்கே மாலை 7.05 என்றால் இங்கே மறுநாள் விடிய 4.35. மேற்குக் கரையில், லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம், இரவு 7.10 ஆட்டம் நமக்குக் காலை 7.40, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் நேரம். கிழக்கில் பகல் 1.05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அன்றிரவே 10.35.

இதிலிருந்து வரும் முக்கியமான விஷயம்: அவர்களுடைய வாரம் திங்கள் முதல் ஞாயிறு. அவர்களின் ஞாயிறு இரவு நம்முடைய திங்கள் விடியல். ஆகவே நமக்கு வாரம் திங்கட்கிழமை காலைதான் முடிகிறது. ஞாயிறு காலை எழுந்து பார்த்து வென்றுவிட்டோம் என்று குழுவில் படம் போட்டவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒன்பதரைக்கு அணியை முழுதாக வைத்துவிடுவேன், அது பகல் ஆட்டங்களுக்கும் ஆகும். விடிய நாலேகாலுக்கு எழுந்து, மாலை ஆட்டங்களில் யாராவது கடைசி நிமிடத்தில் ஓய்வில் இருக்கிறாரா என்று ஒரு பார்வை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஏறினால்தான் இரண்டு கோடு வரும். ஓகஸ்ட் விடியலில் பனிக்குள் சால்வையோடு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து, முதல் பஸ்ஸுக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, வெளிநாட்டு வேலைக்கு நேர்முகப் பரீட்சையா?" என்று ஒரு முறை கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதற்கு நேரமில்லை.

ஆட்டங்களை எண்ணுங்கள்

பத்துப் பிரிவில் ஏழு வெறும் கூட்டல். யார் அதிகம் ஆடுகிறாரோ அவருக்கு அதிகம் சேரும். ஓர் அணி வாரத்தில் ஐந்து ஆட்டமும் ஆடும், ஏழு ஆட்டமும் ஆடும். ஐந்து ஆட்டமே உள்ள நல்ல ஆளைவிட ஏழு ஆட்டம் உள்ள நடுத்தர ஆள் பல வாரங்களில் பெறுமதியானவர். திங்களும் வியாழனும்தான் அங்கே பல அணிகள் பயணத்துக்கோ ஓய்வுக்கோ எடுக்கும் நாட்கள். அந்த நாட்களில் உங்கள் அணியில் எத்தனை இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று பாருங்கள். அதை நிரப்பவென்றே ஓர் ஆளை எடுங்கள்.

பிட்சர்களில் ஐந்து பேர் முறை வைத்து எறிவது வழக்கம். திங்கட்கிழமை எறிந்தவருக்கு அதே வாரம் சனிக்கிழமை இன்னொரு முறை வரலாம், செவ்வாய்க்காரருக்கு ஞாயிறு. இடையில் ஓய்வு நாள் விழுந்தாலோ அணி ஆறாவது ஆளைச் சேர்த்தாலோ அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும், ஆகவே புதன்கிழமை ஒரு முறை சரிபார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் பிட்சரை எடுத்து, எறிந்ததும் விட்டுவிட்டு அடுத்தவரை எடுப்பதும் உண்டு. நாங்கள் அவர்களைக் கைக்காசு ஆட்கள் என்போம். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பதைப் போல, அன்றைய கிலோவுக்கு அன்றே கணக்கு முடிந்துவிடும். சொந்தம் கொண்டாட ஒன்றுமில்லை.

கைக்காசு ஆளை எடுக்கும்போது எந்த மைதானம் என்று பாருங்கள். குறிப்பாக டென்வர். அங்குள்ள கொலராடோ அணியின் மைதானம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, அடித்த பந்து தூரம் போகும், சுழன்று விழ வேண்டிய பந்து சரியாகச் சுழலாது. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்துத்தான் வெளியே எடுக்கிறார்கள். அப்படியும் ஓட்டம் கொட்டும் இடம் அது. ஆகவே அங்கே ஒரு வாரம் முழுதும் ஆடப் போகும் துடுப்பாட்டக்காரர் கிடைத்தால் எடுங்கள், அங்கே எறியப் போகும் பிட்சரைத் தொடாதீர்கள். ஹட்டன் 1,270 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். நுவரெலியாவில் ஒரு பேஸ்போல் மைதானம் இருந்தால் டென்வர் பிட்சர்கூட அழுதுகொண்டுதான் ஊர் திரும்புவார் என்பது எங்கள் குழுவின் நிரந்தரப் பகிடி.

செப்டம்பரின் குழிகள்

செப்டம்பர் 1 முதல் ஒவ்வோர் அணியும் 26 பேருக்குப் பதில் 28 பேரை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஏறி வரும் இளைஞர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும். பழைய ஆட்களுக்கு ஓய்வும் கிடைக்கும். நம் பிளேஓஃப் நடக்கும் அதே வாரங்களில் அங்கே ஏற்கெனவே இடம் உறுதியான அணிகள் நட்சத்திரங்களை உட்கார வைக்கும். வாய்ப்பே இல்லாத அணிகள் இளம் பிட்சர்களின் கையைக் காப்பாற்ற எறிவதை நிறுத்திவிடும்.

இதற்குப் பெயர்போன உதாரணம் 2012. வொஷிங்டன் அணி 98 ஆட்டம் வென்று தன் பிரிவில் முதலிடம். அப்படியிருந்தும், சத்திரசிகிச்சையிலிருந்து மீண்டு வந்த ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பேர்க்கை 159 இன்னிங்ஸ் தாண்டியதும் செப்டம்பர் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அவரை நம்பிப் பிளேஓஃப் வரை வந்த நம்மைப் போன்றவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் இருபத்திரண்டு வயதுப் பிட்சர் ஒருவர் இருந்து, அவருடைய இன்னிங்ஸ் சென்ற ஆண்டைவிட எகிறிக்கொண்டு போனால், உங்கள் லீக்கில் ஆட்களை மாற்றிக்கொள்ளும் பரிமாற்றத் தவணை முடிவதற்குள் அவரைக் கொடுத்து வயதான, அலுப்பூட்டும், வாரந்தவறாமல் எறிகிற ஒருவரை வாங்குங்கள். பார்க்கச் சுவையிருக்காது. தேவையுமில்லை.

சேவ் எடுக்கும் குளோசர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. நிஜ அணிகளின் பரிமாற்றத் தவணை ஜூலை இறுதியை ஒட்டி வரும். தோற்கும் அணியில் குளோசராக இருந்தவரைப் பெரிய அணி வாங்கிக்கொண்டு எட்டாவது இன்னிங்ஸ் எறிய வைக்கும். ஆள் அதே ஆள், பந்து அதே பந்து, சேவ் மட்டும் பூச்சியம். அந்தப் பழைய அணியில் இப்போது ஒன்பதாவது இன்னிங்ஸ் எறிவது யார் என்று முதலில் தேடுகிறவனுக்குச் சேவ் பிரிவு சும்மா கிடைக்கும்.

ஞாயிறு இரவு

வாரம் முழுதும் செய்ததை ஒரே தீர்மானம் கவிழ்த்துவிடும் நேரம் இது. இதை என் சொந்தச் செலவில் சொல்லித் தருகிறேன்.

இரண்டு ஆண்டுக்கு முன், 22ஆம் வாரம், ஆறாம் இடத்துக்கு என்னோடு மோதிய கொட்டகலைக்காரனோடு நேரடி வாரம். ஞாயிறு நள்ளிரவு நான் 6-4 முன்னால். என் பிட்சர்கள் 40 இன்னிங்ஸில் 14 ஓட்டம் கொடுத்திருந்தார்கள். 14ஐ ஒன்பதால் பெருக்கி 40ஆல் வகுத்தால் ஈ.ஆர்.ஏ. 3.15, அவனுக்கு 3.30. தளம் ஏறவிட்டவர்கள் 46 பேர், விப் 1.15, அவனுக்கு 1.20. குறைந்தபட்ச இன்னிங்ஸ் எப்போதோ தாண்டியாகிவிட்டது. ஸ்ட்ரைக் அவுட்டில் எட்ட முடியாத தூரத்தில் நான் முன்னால், பிட்சர் வெற்றியில் எட்ட முடியாத தூரத்தில் பின்னால். அவனுடைய ஆட்கள் எல்லாரும் எறிந்து முடித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் மேற்குக் கரையில் ஒரு பிட்சர் மிச்சம், நம் நேரம் 1.40க்கு.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அவர் நன்றாக எறிந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை. மோசமாக எறிந்தால் என்ன போகும்? இரண்டு பிரிவு. அப்படியானால் அவரைப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். இதைவிட எளிய தீர்மானம் இந்த ஆட்டத்தில் கிடையாது.

நான் அப்போது கொழும்பிலிருந்து திரும்பும் இரவு ரயிலில். கூட்டி வகுத்துப் பார்த்துச் சரியான முடிவுக்கும் வந்துவிட்டேன். ஆனால் இன்னும் ஒரு இன்னிங்ஸ் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று காத்திருந்ததில் நாவலப்பிட்டி தாண்டிவிட்டது. வட்டவளைப் பக்கம் மலை இரண்டு புறமும் நெருங்கி வர, போனில் அந்தச் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. ஹட்டனில் இறங்கி மேடையில் நின்று பார்த்தபோது ஆட்டம் தொடங்கிப் பெயர் பூட்டப்பட்டுவிட்டது. அவர் ஐந்து இன்னிங்ஸ் எறிந்தார், மூன்று ஓட்டம், ஒன்பது பேர் தளம் ஏறினார்கள். 17ஐ ஒன்பதால் பெருக்கி 45ஆல் வகுத்துப் பாருங்கள்: 3.40. விப் 1.22. 6-4 என்பது 4-6 ஆனது, மூன்று வித்தியாசத்தில் ஏழாம் இடம். மாற்றியிருந்தால் ஒன்று முன்னால் நின்று உள்ளே போயிருப்பேன்.

ஆகவே ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு ஒரு தாளில் பத்துப் பிரிவையும் எழுதுங்கள். உறுதியாக வென்றது, உறுதியாகத் தோற்றது, தொங்கலில் நிற்பது என்று மூன்றாகப் பிரியுங்கள். தொங்கலில் நிற்பவற்றுக்கு யார் உதவுவார், யார் கெடுப்பார் என்று மட்டும் பார்த்து அணியை வையுங்கள். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: ஈ.ஆர்.ஏ.யில் ஏற்கெனவே தோற்றுவிட்டீர்கள் என்றால் பெஞ்சில் எவரையும் மிச்சம் வைக்க வேண்டாம், எல்லாரையும் இறக்கி ஸ்ட்ரைக் அவுட்டையும் வெற்றியையும் அள்ளுங்கள். பிறகு தூங்குங்கள். ரயிலில் இருந்தால் பேராதனைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நண்பர்களோடு ஆடுகிறோம் என்பது

உள்ளே வந்துவிட்டால் மூன்றாம் இடத்தவர் ஆறாம் இடத்தவரோடும் நான்காமவர் ஐந்தாமவரோடும் மோதுவார்கள். எங்கள் லீக்கில் 5-5 என்று முடிந்தால் மேல் இடத்தில் இருந்தவருக்கே வெற்றி. அதனால் கீழிருந்து வருகிறவர் ஆறு பிரிவை முன்கூட்டியே தெரிந்தெடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் கைகழுவிவிடலாம். சேவை முழுதாக விட்டுவிட்டு அந்த இடங்களிலும் தொடக்கப் பிட்சர்களை வைத்து ஒருவன் இறுதிப் போட்டி வரை போனான். எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. விதியில் தவறில்லை.

வெளியே நிற்பவர்களால்தான் மனத்தாங்கல் வரும். வாய்ப்பு இழந்தவன் அணியைத் திறப்பதில்லை, காயப் பட்டியலில் உள்ளவர்களே ஆடிக்கொண்டிருப்பார்கள், அவனோடு மோதுகிறவனுக்கு இலவசமாக 9-1. அல்லது கோபத்தில் நல்ல ஆட்டக்காரர்களை விட்டெறிவான், அவர்களை முதலில் கண்டவன் அள்ளிக்கொள்வான். இதைத் தடுக்க இரண்டு விதி வைத்தோம். வெளியேறிய அணி யாரையும் விடுவிக்க முடியாது என்று லீக் பொறுப்பாளர் பூட்டிவிடலாம். காசு வைத்து ஆடுவதில்லை, ஆனால் கடைசி இடத்தில் முடிப்பவன் டிசம்பரில் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்கியதும் நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை எல்லாருடைய பைகளையும் சுமக்க வேண்டும்.

இரண்டாவது விதி வந்த ஆண்டிலிருந்து ஒன்பதாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையில் நடக்கும் சண்டை இறுதிப் போட்டியைவிடச் சூடாக இருக்கிறது. இரண்டு முறை தொடர்ந்து சுமந்தவன் இப்போது நான்காம் இடத்தில் நிற்கிறான். இந்த முறைக்கென்று இருப்பதிலேயே பெரிய பை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறானாம்; அதற்குள் போட இரும்புக் கேத்தல் ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறான்.